பழைய தண்ணீர்

அந்த வீட்டில் தண்ணீருக்கு வயது உண்டு. பிடித்த அன்று அது புதுத் தண்ணீர். மறுநாள் விடிந்து தெருக்குழாயில் சலசலப்புக் கேட்டுவிட்டால், பானையில் இருப்பது பழைய தண்ணீர் ஆகிவிடும். பழைய தண்ணீரைக் குடிக்கக் கூடாது, அதில் உலை வைக்கக் கூடாது. குடத்தைச் சாய்த்துச் சமையலறைத் தொட்டியில் ஊற்றி, உள்ளே கைவிட்டுத் தேய்த்துக் கழுவி, புதிதாகப் பிடித்து வைக்க வேண்டும். இது அண்ணி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த பழக்கம். சீர்வரிசையில் வந்த பாத்திரங்களில் பாதி ஓட்டையாகிவிட்டன. பழக்கம் மட்டும் அப்படியே இருந்தது.

அண்ணி என்றால் யாருக்கு அண்ணி என்று கேட்கக் கூடாது. அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். அவள் புருஷன் அச்சகத்தில் பைண்டர். அவரோடு வேலை செய்தவர்கள் ஒரு காலத்தில் வீட்டுக்கு வந்துபோய், அண்ணி அண்ணி என்று கூப்பிட்டு, அதைக் கேட்டுக் கடைக்காரரும் பால்காரரும் கூப்பிட்டு, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஆனால் முறைப்படி அவளை அண்ணி என்று கூப்பிட உரிமையுள்ளவள் ஒருத்திதான். பைண்டரின் தங்கை. அவளுக்கு வீட்டில் பாப்பா என்று பெயர். தலை பாதி நரைத்த பிறகும் பாப்பாதான்.

வெயில் காலம் தொடங்கும்போது பாப்பா வந்து சேர்ந்தாள். புருஷன் போய் வருஷம் திரும்பியிருந்தது. கொழுந்தன் மகனுக்குக் கல்யாணம் கூடியிருக்கிறது, அறை தேவைப்படுகிறது என்று புகுந்த வீட்டில் நாசூக்காகச் சொன்னார்களாம். இவளும் நாசூக்காகக் கிளம்பிவிட்டாள். கையில் ஒரு பை, ஒரு நீல வாளி. வாளியும் கையுமாக வந்து நின்ற நாத்தனாரை அண்ணி அப்போதே ஒரு மாதிரியாகப் பார்த்தாள். இந்த வீட்டில் என்ன, வாளி இல்லையா?

பாப்பாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. விடிந்து கொஞ்ச நேரத்தில் கிளம்பிப் போவாள். இயந்திரத்திலிருந்து நனைந்த விரிப்புகளை வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு காயப்போடும் இடத்துக்கு நடக்க வேண்டும். நாள் முழுக்க அந்த ஈரம் தோளில் இறங்கிக்கொண்டே இருக்கும். சாயங்காலம் திரும்பும்போது அவளிடமிருந்து வரும் வாசனை மனுஷ வாசனையாக இராது. கழுவிவிட்ட தரையின் வாசனை.

அவளுக்குப் பின்னறையை ஒழித்துக் கொடுத்தார்கள். அதுவரை அங்கே அடுக்கியிருந்த தாள் கட்டுகள் கூடத்துக்கு வந்தன. பைண்டர் அச்சகத்திலிருந்து கொண்டுவந்து போடும் பெரிய தாள்கள் அவை. ஃபாரம் என்பார்கள். அண்ணி அவற்றை மடித்து, மடிப்பின் மேல் மரத்துண்டால் அழுத்தி இழுத்து, வரிசைப்படுத்தி ஊசி நூல் கோப்பாள். மைதாவைக் கரைத்துக் காய்ச்சிய பசையைப் பூசி அட்டை ஒட்டுவார் பைண்டர். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நோட்டுகள் அந்தக் கூடத்தில்தான் பாதி பிறந்தன. இப்போது கட்டுகளுக்கு நடுவே ஆள் பக்கவாட்டில் திரும்பி நடக்க வேண்டியிருந்தது. போகிற வருகிற ஒவ்வொரு முறையும் அண்ணிக்கு நாத்தனார் ஞாபகம் வந்தது.

ஓர் ஆள் கூடினால் தண்ணீரும் கூடத்தானே வேண்டும்? பாப்பா வந்த மறுநாளே அண்ணி குடத்துக்குப் பக்கத்தில் இரண்டு குண்டான்களை வைத்துப் பிடித்து நிரப்பினாள். முன்யோசனைதான். தெருவில் விடியற்காலை மட்டும்தான் தண்ணீர் வரும். அது தரைக்கடியில் இருக்கும் சம்ப்பில் விழும். மோட்டார் போட்டு மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்ற வேண்டும். ஒரு தடவை ஏற்றினால் மறுநாள் விடியும்வரை தாராளமாகத் தாங்கும்.

பாப்பா வந்த வாரத்திலேயே அது தாங்காமல் போனது. சோறு வடிக்கும் நேரத்தில் குழாய் இருமியது. இருமி, கொஞ்சம் துப்பி, நின்றுவிட்டது.

அண்ணி மறுபடி மோட்டார் போட்டாள். மறுநாள் முன்ஜாக்கிரதையாக இன்னொரு தவலையையும் நிரப்பி வைத்தாள். அன்றைக்கு இன்னும் சீக்கிரம் குழாய் இருமியது. அதற்கும் மறுநாள், விசேஷத்துக்கு என்று வாங்கிப் பரண்மேல் ஏற்றியிருந்த அண்டா கீழே இறங்கியது. பிறகு குக்கர் நிரம்பியது. தூக்குப்போணி நிரம்பியது. ஒரு நாள் பைண்டர் குழம்பு எங்கே என்று தேடினார். வீட்டில் தண்ணீர் இல்லாத பாத்திரம் ஒன்றுகூட இல்லாததால் அது டீ பாத்திரத்தில் இருந்தது. சாப்பிடும்போது அவர் எதுவும் சொல்லவில்லை. டீ குடிக்கும்போதுதான் முகம் ஒரு மாதிரி போனது.

வீட்டில் ஒருத்தர் தண்ணீரைத் தின்கிறார் என்பதில் அண்ணிக்குச் சந்தேகமே இல்லை. யார் என்பதிலும் இல்லை. முன்பு இருந்தவர்கள் இரண்டு பேர். அவர்கள் அப்படியே இருக்கிறார்கள். புதிதாக வந்தது யார்?

கடவுளிடம் அண்ணிக்குப் பயமும் உண்டு, பாசமும் உண்டு. எழுந்ததும் கைகூப்பி, யாருக்கும் கெடுதல் நினைக்காத மனசைக் கொடு என்று கேட்டுவிட்டுத்தான் மோட்டார் ஸ்விட்சில் கை வைப்பாள். கேட்டுவிட்டு, கொடுப்பதை வாங்கிக்கொள்ள நிற்காமல் வேலைக்கு ஓடிவிடுவாள். அதுதான் கஷ்டம்.

குழாய்க்காரரை வரவழைத்தார்கள். கிண்டல்காரக் கிழவர். மாடிக்கு ஏறித் தொட்டியைத் தட்டிப் பார்த்தார், சுவரைத் தடவிப் பார்த்தார், கழிவறைக் குழாய்க்குக் கீழே உள்ளங்கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் குந்தியிருந்தார். பிறகு கூடத்துக்கு வந்து, தாள் கட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டு, அதைச் சொன்னார்.

"உங்க வீட்ல ஒழுக்கு இல்லைங்க அண்ணி."

அண்ணிக்குக் காதில் என்ன விழுந்ததோ, முகம் சிவந்துவிட்டது. "யாருக்கு ஒழுக்கம் இல்ல?"

"ஒழுக்குங்க. கசிவு. குழாய் எல்லாம் யோக்கியமாத்தான் இருக்கு."

"அப்ப தண்ணி எங்க போகுது?"

"குழாய்லேருந்து தானா போகல. யாரோ திறந்துதான் போகுது." சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. திறக்கிற கையை அவள் மனசுக்குள் ஏற்கெனவே பார்த்துவிட்டாள்.

அந்தக் கையை நேரில் பார்ப்பதுதான் நடக்காமல் இருந்தது. பாப்பா குழாயின் பக்கம் வருவதே இல்லை. எச்சில் தட்டைக்கூட எங்கோ கொண்டுபோய்க் கழுவி எடுத்து வந்தாள். ஆனால் அவள் தலை தினமும் நனைந்திருந்தது, உடுப்பு தினமும் துவைத்ததாக இருந்தது, பின்னறை வாசலில் நீல வாளி எப்போது பார்த்தாலும் விளிம்புவரை நிறைந்திருந்தது. எடுக்கிறவள் எடுத்தேன் என்று எடுத்தாலாவது பரவாயில்லை. கண்ணில் படாமல் எடுக்கிறாளே, இது எந்த ஊர்க் கெட்டிக்காரத்தனம் என்று அண்ணி மனசுக்குள் புகைந்தாள்.

இரண்டு வேளை மோட்டார் ஓடினால் மின்சாரம் சும்மா விடுமா? ரசீது வந்தபோது பைண்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஏதோ துக்கச் செய்தி போல மடித்து அலமாரியில் வைத்தார். அன்றிலிருந்து வீட்டில் சிக்கனம் தொடங்கியது. கூடத்தில் ஒரு விளக்கு போனது. மத்தியானம் மின்விசிறி நின்றது. தாள் பறக்காமல் மடிக்கச் சௌகரியம் என்று அண்ணி சமாதானம் சொன்னாள். வியர்வைத் துளி ஃபாரத்தில் விழாமல் இருக்க நெற்றியில் துணி கட்டிக்கொண்டு மடித்தாள். பின்னறைக்கு இருப்பதிலேயே சின்ன பல்பாகப் பார்த்து மாட்டினாள்.

ஒரு நாள் பொழுது சாய்ந்ததும் பின்னறைக் கதவுக்கு அடியில் வெளிச்சக் கோடு தெரிந்தது. அண்ணி கதவைத் தட்டாமல் தள்ளினாள். உள்ளே இருட்டு. பாப்பா சுவரில் சாய்ந்து, கால்களை நீட்டி, முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு வாசல் விளக்கு ஜன்னல் வழியாகத் தரையில் விழுந்திருந்தது. அண்ணி எதுவோ தேடுகிறவள்போல உள்ளே போய், எட்டி, பல்பைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது.

வேறு யாராவதாக இருந்தால் அத்தோடு வெட்கப்பட்டிருப்பார்கள். அண்ணி கூடத்துக்குத் திரும்பி வந்து யோசித்தாள். என் காலடி கேட்டு அணைத்திருப்பாள். சரி, அணைத்த பல்பு உடனே ஆறிவிடுமா? சின்ன பல்புதானே, ஆறியிருக்கும். சந்தேகம் ஒருமுறை வீட்டுக்குள் வந்துவிட்டால் அதற்கு வேண்டிய சாப்பாட்டை அதுவே சமைத்துக்கொள்ளும்.

மறுநாள் சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவள் ஊசி கோத்துக்கொண்டிருந்தாள். அவர் அட்டைக்குப் பசை தடவினார். பாப்பா இன்னும் வரவில்லை. அண்ணி நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று தொடங்கினாள். தண்ணீர்தானே என்றார் பைண்டர், தலையை நிமிர்த்தாமல்.

"அவ எடுக்கறதை நீ கண்ணால பாத்தியா?"

"பாத்தாத்தானா? வாளி எப்பவும் நிறைஞ்சு நிக்குது. தலை எப்பவும் ஈரமா இருக்கு. ஆனா குழாய்கிட்ட அவளை நான் ஒரு நாளும் பாத்ததில்ல. அதுக்கு என்ன அர்த்தம்?"

"நீ இல்லாதப்ப எடுக்கறான்னு அர்த்தம்."

"நான் அப்படிச் சொல்லலை. உங்க வாயாலயே வந்துடுச்சு பாருங்க."

பைண்டர் பசைக் குச்சியைக் கீழே வைத்தார். "எனக்கு இருக்கறது ஒரே தங்கச்சி."

"எனக்கு இருக்கறதும் ஒரே தொட்டி."

சொன்ன பிறகு அந்த வார்த்தை அவளுக்கே கசந்தது. திருப்பி எடுத்துக்கொள்ளத்தான் மனசு வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வேலைக்குப் போகிற பெண்களுக்கு விடுதி இருக்கிறது, அங்கே ஒரு கட்டில் கிடைத்தால் பாப்பாவுக்கும் அலைச்சல் இல்லை, இந்த வெயிலில் தண்ணீருக்கு அடித்துக்கொள்ளவும் வேண்டாம், உறவு கெடாமல் இருக்கும் என்று பேசிக்கொண்டே போனாள். பைண்டர் நெடுநேரம் ஒரே அட்டைக்குத் திரும்பத் திரும்பப் பசை தடவிக்கொண்டிருந்தார். கடைசியில், விசாரிக்கிறேன் என்றார். ஒட்டியபோது அந்த அட்டை கோணலாக உட்கார்ந்தது.

பாப்பாவிடம் அவரே சொன்னார். அலைச்சல் குறையும் என்பதை மட்டும் சொன்னார். பாப்பா அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு, சரிண்ணே என்றாள். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. அதுவும் அண்ணிக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. குற்றம் இல்லாதவள் என்றால் ஏன் என்று கேட்டிருக்க மாட்டாளா?

அதற்கப்புறம் பின்பக்கத்தில் துணி காயப்போடப் போனபோதுதான் அண்ணி அதைக் கண்டாள். சமையலறைத் தொட்டியின் தண்ணீர் வெளியேறுகிற குழாய் பின்சுவரில் முழங்கால் உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். கீழே ஒரு கல். கல்லை ஒட்டிச் சாக்கடை. அந்தக் குழாயின் வாயில் வெள்ளைத் துணி ஒன்றை நாலாக மடித்து, நூல் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. ஆஸ்பத்திரி விரிப்புத் துண்டு.

எதற்காகக் குழாய்க்கு வாயைக் கட்ட வேண்டும்? சத்தம் கேட்கக் கூடாது என்று கட்டியிருக்கிறாள். எந்தச் சத்தம்? அது அண்ணிக்குப் பிடிபடவில்லை. ஆனால் வாய் கட்டியிருக்கும் இடத்தில் திருட்டு இருக்கும் என்று தோன்றியது. துணியைத் தொடாமல் அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

மறுநாள் விடியும்போது பைண்டரை எழுப்பினாள். தனக்குப் பின்பக்கத்தில் வேலை இருக்கிறது, பாத்திரங்களில் இருக்கும் தண்ணீரை ஊற்றிவிட்டு மோட்டார் போடுங்கள் என்றாள். இத்தனை வருஷத்தில் பைண்டர் அந்த வேலையைச் செய்ததே இல்லை. சமையலறையில் வரிசையாக நின்ற அண்டாவையும் தவலையையும் பார்த்து அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். எல்லாவற்றையுமா என்று கேட்டார். பழைய தண்ணீர்தானே, ஊற்றுங்கள் என்று சொல்லிவிட்டு அவள் பக்கத்துச் சந்து வழியாக ஓசைப்படாமல் நடந்தாள். உள்ளே முதல் தவலை சாயும் சத்தம் கேட்டது.

சந்து முனையில் திரும்பியபோது பாப்பா இரண்டு கையாலும் நீல வாளியைத் தூக்கிக்கொண்டு குளியலறைப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள். வாளி நிறையத் தண்ணீர், அலம்பி அவள் பாதத்தில் சிந்தியது.

"நில்லு," என்றாள் அண்ணி.

பாப்பா நின்றாள். வாளியை மெல்லக் கீழே வைத்தாள்.

"எங்க பிடிச்சே இந்தத் தண்ணிய?"

"இங்கதான் அண்ணி."

"இங்க எங்க குழாய் இருக்கு?"

"இது பழைய தண்ணி அண்ணி."

"எப்ப பிடிச்சது?"

"இப்பத்தான்."

"இப்பப் பிடிச்சது எப்படிடி பழசாகும்? யார்கிட்ட கதை அளக்கற?"

பதில் சுவரிலிருந்து வந்தது. துணி கட்டிய வாய் முதலில் உப்பியது. பிறகு அதிலிருந்து தண்ணீர் இறங்கியது, மணிக்கட்டுக் கனத்தில், தெளிவாக, விடிகிற வெளிச்சம் அதில் பட்டுத் தெரிய. கல்லில் விழுந்து சிதறி, சாக்கடையைப் பார்த்து ஓடியது. சமையலறை ஜன்னலிலிருந்து பைண்டரின் குரல் கேட்டது.

"இந்தா, இன்னும் அண்டா இருக்கு, குக்கர் இருக்கு, தூக்கு இருக்கு. எல்லாத்தையும் ஊத்திடவா?"

பதில் வராததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு அவர் அண்டாவைச் சாய்த்தார். சுவர் கொட்டியது. பாப்பாவின் கை தானாகப் பக்கத்தில் இருந்த பேசினை எடுத்துக் குழாய்க்கு அடியில் வைத்தது. பேசின் நிறைந்து வழிந்தது. அதற்குப் பிறகும் வந்துகொண்டே இருந்தது. இத்தனை வருஷம் தொட்டியின் அந்தப் பக்கமே நின்று ஊற்றியவள் அண்ணி. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அது ஒரு குண்டான், ஒரு தவலை, கொஞ்சம் பழைய தண்ணீர். இந்தப் பக்கத்தில் நின்று பார்க்கும்போது எது தவலை, எது அண்டா என்று தெரியவில்லை. எல்லாம் தண்ணீராகவே இருந்தது. மாடித்தொட்டி எங்கே காலியாகிறது என்று அவள் தேடியது அவள் கண் முன்னாலேயே ஓடிக்கொண்டிருந்தது.

"போதும், நிறுத்துங்க," என்றாள். இன்னொரு தடவை சொன்ன பிறகுதான் அவருக்குக் கேட்டது.

சுவர் சொட்டிச் சொட்டி ஓய்ந்தது. அண்ணி துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டாள். வந்த மறுநாளிலிருந்து என்றாள் பாப்பா. ராத்திரியே குழாயின் வாயைக் கழுவி, வடிகட்டத் துணி கட்டிவிடுவாளாம். விடிந்ததும் முதலில் விழுவதைப் பிடித்துக்கொள்வாளாம். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் அதற்கப்புறம்தானே வரும்.

"குளிக்கறது?"

"இதுலதான்."

"துவைக்கறது?"

"இதுலதான்."

"குடிக்கறதுக்கு?"

"ஆஸ்பத்திரில குடிச்சுக்குவேன். ராத்திரிக்கு ஒரு பாட்டில்ல கொண்டுவந்துடுவேன்."

தன் வீட்டில் ஒரு பெண் ஒரு வாய்த் தண்ணீரை வெளியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து குடித்திருக்கிறாள். வாய் திறந்து சொல்லியிருக்கலாமே என்று கேட்டபோது அவள் குரலில் கோபமும் அழுகையும் கலந்திருந்தன.

பாப்பா வாளித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "வந்த அன்னைக்கு உங்க பானையிலேருந்து ஒரு டம்ளர் மொண்டு குடிச்சேன். மறுநாள் விடிஞ்சதும் பானையோட கவுத்துட்டீங்க. நான் தொட்டதாலன்னு நெனச்சுக்கிட்டேன்."

"ஐயோ, அது பழைய தண்ணின்னுதானே."

"நீங்க அப்படிச் சொல்றது காதுல விழும். என் காதுக்காகச் சொல்ற சாக்குன்னு நெனச்சேன். அப்புறம் நாளுக்கு நாள் பாத்திரம் கூடிக்கிட்டே போச்சு. எல்லாத்தையும் கொட்டினீங்க. நான் எதைத் தொட்டேன்னு உங்களுக்குத் தெரியல, அதனால எல்லாத்தையும் கொட்டறீங்கன்னு நெனச்சேன். புருஷன் போனவ தொட்ட தண்ணி வேண்டாம்னு ஒருத்தர் நெனச்சா, அதை நான் யார்கிட்ட போய்ச் சொல்ல? சரி, கீழ போறதுதானே, அதை எடுத்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கன்னு எடுத்துக்கிட்டேன்."

ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு சந்தேகங்கள் குடியிருந்திருக்கின்றன. அண்ணி எழுந்து கிட்டே போகப் பார்த்தாள். பாப்பா அதற்குள் வாளியைத் தூக்கிக்கொண்டுவிட்டாள். வேலைக்கு நேரமாகிறது என்றாள். சாயங்காலம் வந்து பையை எடுத்துக்கொள்வதாகவும், அண்ணன் இடம் சொல்லி வைத்திருப்பதாகவும் சொன்னாள். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அண்ணிக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அன்றைக்கு அவள் மிச்சமிருந்த பாத்திரங்களை ஊற்றவில்லை. பழைய தண்ணீரில் தரை துடைத்தாள். பழைய தண்ணீரில் துணி ஊறவைத்தாள். பசை காய்ச்ச வேண்டியிருந்தது. பழைய தண்ணீரில் காய்ச்சினால் பசை பிடிக்காது என்பது அவளாகவே வைத்திருந்த ஒரு நம்பிக்கை. பயந்துகொண்டேதான் மைதாவைக் கரைத்தாள். ஒரு நோட்டுக்கு அட்டை ஒட்டி, பாரம் வைத்து, காய்ந்த பிறகு நகத்தால் நெம்பிப் பார்த்தாள். வரவில்லை. இன்னும் அழுத்தி நெம்பினாள். நகம்தான் மடங்கியது. மத்தியானம் சோற்றை இறக்கிவிட்டு, குழாய் இருமப் போகிறது என்று காத்திருந்தாள். அது இருமவில்லை. சாயங்காலம்வரை ஒரு சத்தமும் இல்லாமல் சமர்த்தாக இருந்தது. குழாயைக்கூட அவள் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் திறந்து பார்த்தாள். மோட்டார் ஸ்விட்சை அன்று இரண்டாம் முறை தொடவே இல்லை.

குடத்தில் பாதி, அண்டாவில் பாதி என்று மிச்சம் இருந்தது. நேற்றுப் பிடித்தது. அண்ணி ஒரு டம்ளரில் மொண்டு வாயில் வைத்தாள். கடவுள் கொடுத்தபோது எப்படி இருந்ததோ அப்படித்தான் இருந்தது. அவள் டம்ளரைக் காலி செய்தாள்.

பைண்டர் வெயிலோடு வந்தார். விடுதிக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். கட்டில் இருக்கிறதாம், இன்றைக்கே வரலாம் என்றார்களாம். சொல்லிவிட்டு, நாற்காலியில் இருந்த தாள் கட்டைத் தள்ளாமலேயே அதன் மேல் உட்கார்ந்தார்.

"அந்தக் கட்டில் நீளமா?" என்று கேட்டாள் அண்ணி.

"ஏன்?"

"நீங்க போய்ப் படுத்துக்கறதுக்கு. என் தண்ணிய இத்தனை நாள் கொட்டினதுல உங்களுக்கும் பங்கு இருக்கு. ஏன் கொட்டறேன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

பைண்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அது பொம்பளைங்க விடுதி."

"அப்ப கட்டில் வேணாம்னு சொல்லிடுங்க."

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும், இருக்கச் சொன்னால் அவள் இருக்க வேண்டுமே என்றார். அண்ணியின் பயமும் அதுதான். ஓர் இடத்திலிருந்து நாசூக்காகக் கிளம்பி வந்தவள் இன்னோர் இடத்திலிருந்தும் நாசூக்காகவே கிளம்பிவிடுவாள்.

பாப்பா வந்தாள். தோள் ஈரம், முகத்தில் அலுப்பு. நேரே பின்னறைக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்து கூடத்தில் நின்றாள். தாள் கட்டுகளுக்கு நடுவே பையோடு அவளால் திரும்ப முடியவில்லை. போய்ட்டு வரேன் அண்ணி என்றாள்.

மன்னிப்பு என்பது சிலருக்கு வாயில் வரும். அண்ணிக்கு அது கையில்தான் வரும். அவள் பையின் காதைப் பிடித்தாள்.

"ஈரத்தோட எங்க போறே? குளி முதல்ல. தண்ணி பிடிச்சு வச்சிருக்கேன். அப்புறம் போறதா இருந்தா போ."

பாப்பா அண்ணனைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார். கடைசியில் அவள் பையை விட்டுவிட்டுக் குளியலறைக்குப் போனாள். உள்ளே இரண்டு வாளி நிறையப் புதுத் தண்ணீர் இருந்தது. அவளுடைய நீல வாளி அங்கே இல்லை.

அண்ணி கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே நெடுநேரம் சத்தமே இல்லை. பிறகு குவளை வாளியின் விளிம்பில் இடித்தது. கொஞ்சம் தண்ணீர் விழுந்தது. மறுபடியும் ஓசை இல்லை. அரைக் குவளை, கால் குவளை என்று அளந்து ஊற்றுகிறாள், ஒவ்வொன்றுக்கும் யாரிடமோ அனுமதி கேட்பதுபோல. எத்தனை மாதமாக இப்படியே குளித்திருக்கிறாளோ.

"பாப்பா," என்றாள் அண்ணி, கதவைப் பார்த்துக்கொண்டு.

"ம்."

"நல்லா மொண்டு ஊத்திக்க. பழசாகுறதுக்குள்ள."

உள்ளே குவளை நின்றது. அண்ணிக்கு மூச்சும் நின்றது, தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று. அப்புறம் கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு கேட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்த சிரிப்பு. அதைத் தொடர்ந்து ஒரு முழுக் குவளைத் தண்ணீர் தலையில் விழும் சத்தம். இன்னொன்று. இன்னொன்று.

வந்த நாளிலிருந்து பாப்பா அந்த வீட்டில் எதையும் கேட்டு வாங்கியதில்லை. சாப்பாட்டில் உப்புக் குறைந்தாலும் கேட்டதில்லை. அவள் குரல் தண்ணீர்ச் சத்தத்துக்கு மேல் எழும்பி வந்தது.

"அண்ணி, சோப்பு கரைஞ்சுபோச்சு. ஒண்ணு எடுத்துத் தாங்க."

அண்ணி தாள் கட்டுகளுக்கு நடுவே பக்கவாட்டில் திரும்பாமல், இரண்டை இடித்துத் தள்ளிக்கொண்டு, அலமாரிக்கு ஓடினாள்.